பயமா, பயனா?

டிசம்பர் 22 வந்தால் போதும், நம்மவர்களுக்குக் கணித பக்தி பொங்கிவிடும். ராமானுஜன் பிறந்த நாள். 2012-லிருந்து தேசிய கணித நாள் வேறு. சங்கத்து விழாவில் ஒரு பொடியனுக்கு நாமம் போட்டு, கோட்டு மாட்டி, மைக்கில் 1729 என்று சொல்ல வைத்துக் கைதட்டுவோம். மொபைலில் "தமிழன் என்று பெருமைப்பட்டால் பகிரவும்" என்று நாலு ஃபார்வர்டு வரும். நல்லது. அதே கூட்டம் மே மாதம் என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். "பிஎஸ்சி மேத்ஸா? ஏன், எண்ட்ரன்ஸ்ல வரலையா?"

இந்தப் பதிவு அந்த மே மாதக் கூட்டத்துக்கு.

எங்கள் சொசைட்டியில் ஒரு பெண். பிஎஸ்சி இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோடை விடுமுறை புராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், துல்லியமாகத் தீர்க்க முடிகிற லாட்டிஸ் மாடல்களும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இயற்கணிதமும். பெரியவர் ஒருவர் கேட்டார்: "கட்டம் போட்டு விளையாடறதுக்கு ஒரு டிகிரியா? இதனால யாருக்கு என்ன யூஸ்? பேசாம எம்பிஏ பண்ணச் சொல்லுங்க." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பொறுக்காமல் போனது அந்தக் கடைசிச் சிரிப்புதான்.

நான் பி.காம். வங்கியில் இருபது வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறவன். ஒன்றுவிட்ட தம்பி மகன் ஒருவன் ஆராய்ச்சி மாணவன். லோக்கல் ட்ரெயினில் எதையாவது படித்துவிட்டு அவன் உயிரை வாங்குவது என் பொழுதுபோக்கு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒரு கணக்கனாக எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் 'கட்டம் போட்ட விளையாட்டு' என்ன?

வாசலில் அம்மா வைக்கும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 20 வரிசை, வரிசைக்கு 20 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டிக் காந்த அம்பு. மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும். பக்கத்துப் புள்ளிகளோடு ஒத்துப்போக அதற்கு ஆசை. ஆனால் சூடு அதை உலுக்கிக்கொண்டே இருக்கும். சூடு குறைந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி அது காந்தமாகும். சூடு ஏறினால் ஆளுக்கொரு பக்கம். எந்த வெப்பநிலையில் ஒழுங்கு குலைகிறது? கேள்வி அவ்வளவுதான்.

சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். 400 புள்ளிகளில் அம்புகளை வைக்கும் விதங்களின் எண்ணிக்கையை எழுதினால் அது 121 இலக்கம் வரும் எண். எந்தக் கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காது. ஆக, தோராயம் போட்டார்கள். "ஒவ்வொரு அம்பும் பக்கத்தில் இருப்பவர்களின் சராசரியை மட்டும் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்" என்பது அந்தத் தோராயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வில்ஹெல்ம் லென்ஸ் 1920-ல் இந்த மாதிரியை முன்வைத்தார். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஈஸிங் 1925-ல் ஒற்றை வரிசைக்கு மட்டும் சரியான விடையை வெளியிட்டார். பக்கத்துப் புள்ளிகளின் இழுப்பை 1 என்று வைத்தால், ஒற்றை வரிசைக்குத் தோராயம் சொல்லும் வெப்பநிலை 2. உண்மை விடை பூஜ்யம். அதாவது எவ்வளவு குளிர வைத்தாலும், கொஞ்சமாவது சூடு மிச்சம் இருந்தால் வரிசை குலைந்துவிடும். தரை முழுவதும் விரிந்த சதுரக் கோலத்துக்குத் தோராயம் சொன்னது 4. லார்ஸ் ஆன்சாகர் 1944-ல் துல்லியமாகத் தீர்த்துக் காட்டினார். விடை 2.269.

நாலு எங்கே, 2.269 எங்கே! என் கிளையில் ஒரு கிளார்க் இந்த வித்தியாசத்தோடு லெட்ஜரைக் கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். எண் மட்டும் தப்பில்லை சார், குணமே தப்பு. அந்த மாறும் புள்ளியில் வெப்ப ஏற்புத்திறன் ஒரு படிக்கட்டு மாதிரி குதித்து நின்றுவிடும் என்றது தோராயம். அது மெதுவாக ஏறி ஏறி முடிவிலிக்கே போகிறது என்றது ஆன்சாகரின் விடை. படிக்கட்டு என்று நினைத்த இடத்தில் உச்சியே தெரியாத ஒரு கூர்முனை!

தோராயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பனிக்கட்டியில் ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை விதமாக உட்கார முடியும் என்று லைனஸ் பாலிங் 1935-ல் ஒரு மதிப்பீடு போட்டார். மூலக்கூறு ஒன்றுக்கு 1.5 என்று வந்தது. எலியட் லீப் 1967-ல் சதுரக் கட்டப் பனிக்குத் துல்லியமாகத் தீர்த்தபோது 1.5396 வந்தது. பாலிங் பிரமாதமாக நெருங்கியிருக்கிறார். ஆனால் அவர் நெருங்கியிருக்கிறார், இந்தக் காந்தத் தோராயம் கவிழ்ந்திருக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? துல்லியமான விடை ஒன்று கையில் இருந்ததால்தானே? டிரயல் பேலன்ஸில் வித்தியாசம் சின்னது என்று விட்டுவிடக் கூடாது என்று முதல் வருட பி.காமிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து ரூபாய் வித்தியாசத்துக்குப் பின்னால் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இரண்டு லட்ச ரூபாய்ப் பிழைகள் உட்கார்ந்திருக்கலாம்.

சந்தையில் காய்கறிக்காரரின் தராசை எதை வைத்துச் சோதிப்பார்கள்? முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்து. அந்தக் கல்லைச் சமைத்துச் சாப்பிட முடியாதுதான். அதற்காக எடைக்கல்லால் என்ன யூஸ் என்று யாராவது கேட்பார்களா? துல்லியமாகத் தீர்க்கப்பட்ட மாதிரிகள் இயற்பியலின் எடைக்கற்கள். காந்தங்களைப் பற்றிக் கம்ப்யூட்டரில் புதுசாக ஒரு நிரல் எழுதுகிறவர் முதலில் ஆன்சாகரின் 2.269 வருகிறதா என்றுதான் பார்க்கிறார். வராவிட்டால் நிரல் தப்பு.

சரி, அதென்ன இயற்கணிதம்?

எல்லா மாதிரியும் இப்படித் தீராது. தீர்கிற சிலவற்றில் ஒரு ரகசியம் இருக்கிறது. கோலத்தை மொத்தமாகப் பார்க்காமல் வரிசை வரிசையாகப் பார்ப்பார்கள். முதல் வரிசையின் நிலைமையிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது. நமக்குப் பழக்கமான விஷயம்தான்: இன்றைய குளோசிங் பேலன்ஸ் நாளைய ஓப்பனிங் பேலன்ஸ். இந்த 'கேரி ஃபார்வர்டு' வேலையைச் செய்கிற ஒரு கணிதக் கருவி உண்டு. அந்தக் கருவிகளை எந்த வரிசையில் பயன்படுத்தினாலும் ஒரே முடிவு வந்தால், பூட்டு திறக்கிறது.

'வரிசை மாறினாலும் முடிவு மாறாது' என்பது சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரே நாளில் ஒரு கணக்குக்கு ஒரு வரவும் ஒரு செக்கும் வருகின்றன. வரவை முதலில் போட்டால் செக் பாஸாகும். செக்கை முதலில் எடுத்தால் பணம் இல்லை என்று திரும்பும். நிஜ வாழ்க்கையில் வரிசை மாறினால் கதையே மாறும். மாறாமல் இருப்பது அபூர்வம். அந்த அபூர்வத்தைக் கண்டுபிடித்து, பெயர் வைத்து, அதன் விதிகளை எழுதுவதுதான் இந்த இயற்கணிதம்.

இதற்கு மிக அழகான உதாரணம் நம்ம மும்பையிலேயே இருக்கிறது. கொலாபா கோடியில், நேவி நகரில் இருக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1987-ல் பக், டாங், வீசன்ஃபெல்ட் என்ற மூவர் ஒரு மணல்மேட்டு விளையாட்டைச் சொன்னார்கள். கட்டங்களில் மணலைப் போட்டுக்கொண்டே போங்கள். எந்தக் கட்டத்திலாவது நாலு மணல் சேர்ந்தால் அது சரிந்து, நாலு பக்கத்துக்கும் ஒவ்வொன்று கொடுக்கும். அதனால் பக்கத்துக் கட்டமும் சரியலாம். ஓரத்தில் விழுவது வெளியே போய்விடும். ஒரு மணல் போட்டால் சில சமயம் ஒன்றுமே நடக்காது. சில சமயம் ஊரே சரியும். டாட்டா நிறுவனத்தில் இருந்த தீபக் தர் 1990-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார்: எந்தக் கட்டத்தை முதலில் சரிய விட்டாலும் கடைசி மேடு ஒன்றேதான். இந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டு, மேட்டின் நிலைகளுக்குப் பின்னால் ஒரு கணிதக் குலம் இருப்பதைக் காட்டி, திரும்பத் திரும்ப வரும் நிலைகள் மொத்தம் எத்தனை என்பதையே துல்லியமாக எண்ணிவிட்டார். 2022-ல் அவருக்கு போல்ட்ஸ்மான் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நம் ஃபார்வர்டுகளில் இந்தச் செய்தி வந்ததா? எனக்கு ஒன்று கூட வரவில்லை.

அந்த ஆண்டு பதக்கத்தை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ஜான் ஹாப்ஃபீல்ட். 2024-ல் நோபல் பரிசும் வாங்கினார். எதற்கு? செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்ட வேலைக்கு. அவருடைய 1982 மாதிரியைத் திறந்து பாருங்கள். புள்ளிக்கு ஒரு அம்பு, மேலே அல்லது கீழே. ஈஸிங்கின் பங்காளி. "ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடு" என்று எம்பிஏ பெரியவர் அடுத்த மாதமே சொல்லக்கூடும், அவர் கேலி செய்த கட்டத்தின் பேரப்பிள்ளை அது என்று தெரியாமலே :-)

இந்த 'வரிசை மாறினாலும்' விஷயத்தின் சிகரம் யாங்–பாக்ஸ்டர் சமன்பாடு. ஒரே கோட்டில் மூன்று துகள்கள் ஓடி மோதுகின்றன. முதலாவதும் இரண்டாவதும் முதலில் மோதினாலும், இரண்டாவதும் மூன்றாவதும் முதலில் மோதினாலும், இறுதிக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். சி.என். யாங் 1967-ல் துகள்களுக்காக இதை எழுதினார். ஆஸ்திரேலியாவில் ராட்னி பாக்ஸ்டர் 1972-ல் கட்ட மாதிரி ஒன்றைத் தீர்க்கும்போது அதே சமன்பாட்டில் போய் முட்டினார். சொல்லி வைத்துக்கொண்டு செய்த வேலையில்லை. 1985 வாக்கில் டிரின்ஃபெல்ட், ஜிம்போ இருவரும் இதிலிருந்து 'குவாண்டம் குலங்கள்' என்ற புதிய இயற்கணிதத்தையே எழுப்பினார்கள்.

இன்னொரு பக்கம், டெம்பர்லி, லீப் இருவரும் 1971-ல் கட்ட மாதிரிகளுக்காக ஒரு இயற்கணிதம் எழுதியிருந்தார்கள். கணிதத்தின் வேறொரு மூலையில் வேலை செய்த வான் ஜோன்ஸின் கையிலும் அதே விதிகள் வந்து நின்றன. அதை வைத்து அவர் 1984-ல், சிக்கிய கயிற்று முடிச்சுகளில் எது எதிலிருந்து வேறுபட்டது என்று சொல்லும் புதிய வழியைக் கண்டுபிடித்தார். செல்லுக்குள் டிஎன்ஏ இழைகள் முடிச்சு விழுவதை ஆராய்கிறவர்களுக்கும் முடிச்சுக் கணிதம் வேண்டியிருக்கிறது. டிரின்ஃபெல்ட், ஜோன்ஸ் இருவருக்கும் 1990-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். விளையாட்டுக் கட்டமாம், டிகிரி எதற்காம்!

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம்

ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். 9 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரியுங்கள். நிபந்தனை: எந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் குறைந்தது 2 வித்தியாசம் இருக்க வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1. ஐந்து வழி.

இப்போது வேறு நிபந்தனை: ஐந்தால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வரும் எண்களை மட்டும், அதாவது 1, 4, 6, 9 இவற்றை மட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 9, 6+1+1+1, 4+4+1, ஒரு நாலும் ஐந்து ஒன்றும், ஒன்பது ஒன்று. மறுபடியும் ஐந்து வழி.

சம்பந்தமே இல்லாத இரண்டு நிபந்தனைகள். எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு பக்கமும் டேலி ஆகும். இங்கிலாந்தின் எல்.ஜே. ரோஜர்ஸ் இதை 1894-ல் நிரூபித்தார்; யாரும் கண்டுகொள்ளவில்லை. 1913-க்கு முன்பே ராமானுஜன் இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார், நிரூபணம் இல்லாமல். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்த கிளார்க் அவர், ஞாபகம் இருக்கட்டும். பிறகு ரோஜர்ஸின் பழைய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. இருவர் நிரூபணமும் 1919-ல் வெளிவந்தன. அதனால் அதன் பெயர் ரோஜர்ஸ்–ராமானுஜன் சமன்பாடுகள். ரோஜர்ஸ் பெயரை முழுங்கிவிட்டு 'தமிழன் தனியாகக் கண்டது' என்று ஜல்லியடிக்க வேண்டாம். இரண்டு பெயரும் சேர்ந்திருப்பதுதான் அழகு.

1980-ல் பாக்ஸ்டர் ஒரு மாதிரியைத் தீர்த்தார். முக்கோணக் கட்டங்களின் முனைகளில் துகள்களை உட்கார வைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு முனைகளில் துகள் இருக்கக் கூடாது. எப்போது துகள்கள் கண்டபடி உட்காருவதை விட்டு ஒழுங்காக வரிசை கட்டுகின்றன? கணக்கை உரித்துக்கொண்டே போனால் நடுவில் வந்து நின்றது ரோஜர்ஸ்–ராமானுஜன். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். 'குறைந்தது 2 வித்தியாசம்' என்றால் என்ன? எண் போட்ட நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்பதுதானே!

1894-ல் போட்ட டெபாசிட், 86 வருடம் கழித்து யாரும் எதிர்பார்க்காத ஒரு கிளையில் முதிர்ந்தது. அன்றைக்கு ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து "இதனால என்ன யூஸ்?" என்று கேட்டவர்களுக்கு உண்மையான பதில் "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்பதுதான். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டும் அவர் எழுதினார். அதனால்தான் சங்கத்து மேடையில் பொடியனுக்கு நாமம் போடுகிறோம். விளைச்சலைக் கொண்டாடுவோம், விதைக்கிறவளைப் பார்த்துச் சிரிப்போம் என்றால், இதற்குப் பெயர் என்ன சார்?

"எல்லாம் பேப்பரில்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1989-ல் ஜமொலட்சிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர், தட்டைக் கோல மாதிரியை அதன் மாறும் புள்ளியில் வைத்து ஒரு சின்னக் காந்தப்புலத்தால் தட்டினால் எட்டு வகைத் துகள்கள் தோன்றும் என்றும், அவற்றின் எடைகளை ஒரு அபூர்வ இயற்கணிதம் தீர்மானிக்கும் என்றும் கணித்தார். முதல் இரண்டின் விகிதம் 1.618, தங்க விகிதம். 2010-ல் கோபால்ட் நியோபேட் என்ற படிகத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யம் கெல்வினுக்குக் குளிர்வித்து, நியூட்ரான்களை அடித்துப் பார்த்தார்கள். அந்த விகிதம் வந்தது. பேப்பரில் எழுதிய இயற்கணிதம் ஒரு கல்லுக்குள் உட்கார்ந்திருந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுவேன். தீர்ந்த மாதிரிகள் கொஞ்சம்தான். கோலத்தை மூன்று பரிமாணத்துக்கு உயர்த்தினால் இன்றுவரை துல்லியமான தீர்வு இல்லை. தட்டைக் கோலத்திலேயே எல்லா வெப்பநிலைக்கும் காந்தப்புலத்தைச் சேர்த்தால் அதற்கும் இல்லை. கணினிகள் பல இலக்கம் வரை எண்ணைத் தருகின்றன, ஆனால் ஏன் அந்த எண் என்று சொல்வதில்லை. வேலை முடிந்துவிட்ட துறை என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி நம் விஷயம். நம் கவலை எனக்குப் புரியாததல்ல. நாம் பிழைக்க ஊரை விட்டு வந்தவர்கள். மாதச் சம்பளம் நின்றால் திரும்பிப் போய் உழுவதற்கு நிலம் இல்லை. ஃபிளாட்டுக்கு இஎம்ஐ ஓடுகிறது. வீட்டுக்கடன் பைல்களில் தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான், எந்த வீட்டில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அடிப்படை அறிவியலில் பாதை நீளம், வேலை குறைவு. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. சாப்பாட்டுக்குப் போதும், மென்பொருள் கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தோற்றுப்போகும். இதையெல்லாம் பிள்ளையிடம் மறைக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். "நம் வீட்டுக் கடன் இவ்வளவு, எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அது நேர்மையான பேச்சு. அதைக் கேட்டு அவளே ஒரு முடிவுக்கு வருவாள்.

ஆனால் பயத்துக்குப் பயன் என்று பெயர் மாற்றிப் பேசாதீர்கள். "எனக்குப் பயம்" என்று சொன்னால் குறை உங்கள் நிலைமையில் இருக்கிறது. "அதனால பயன் இல்லை" என்று சொன்னால் குறையை அந்தப் படிப்பின் மேல், அதை நேசிக்கும் பிள்ளையின் மேல் போட்டுவிடுகிறீர்கள். பற்று பக்கத்தில் எழுத வேண்டியதை வரவு பக்கத்தில் எழுதுவதற்கு எங்கள் ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள். பணம் இல்லை என்று சொல்லி நிறுத்தப்பட்ட பிள்ளை ஒரு நாள் புரிந்துகொள்ளும். நீ நேசிப்பது குப்பை என்று சொல்லி, நாலு பேர் நடுவில் சிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளை அதன்பின் எதையும் நம்மிடம் கொண்டுவந்து காட்டாது.

கடைசியாக ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கை 10-க்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆறு வழி வர வேண்டும். வந்ததும் பிள்ளை "ஏம்ப்பா டேலி ஆகுது?" என்று கேட்டால், "தெரியலைம்மா, நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டும்.

டிஸ்கி: எம்பிஏ படித்தவர்கள் யாரும் அடிக்க வர வேண்டாம். என் மேலதிகாரியே எம்பிஏதான். 10-க்கு ஏழாவது வழி கண்டுபிடித்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதவும்; சரிபார்த்து, எங்கே தப்பு என்று சொல்லப்படும் :-)